எஸ்தர் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு

1

“…கேட்டுச்சுண்ணா அந்தப் பொண்ணு. பேனாவக் கையில வச்சிக்கினு, ‘மிஸ், இத்த வேற யாருனா படிப்பாங்களா’ன்னு கேட்டுச்சு. நான்தான் ‘யாரும் படிக்கமாட்டாங்கம்மா, சொம்மா போடு’ன்னு சொன்னேன். போட்டுட்டுப் போச்சு. இப்ப பத்து நாளா பள்ளிக்கூடத்துக்கே வரல.”

இதைச் சொன்னவள் என் தங்கை எஸ்தர். அவளுக்கு அப்போது காலை எட்டரை மணி. ஆரணியில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஆரணி என்றதும் பட்டுப்புடவையை நினைத்துவிடாதீர்கள். இது பொன்னேரிப் பக்கத்து ஆரணி. எங்களிடம் நெல்லும் கொசுவும்தான். எனக்கு மாலை நான்கு மணி. நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், ஒரு மேல்நிலைப் பள்ளியின் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வேலை நாட்களில் அண்ணன் தங்கை பேச்சுக்கு எங்களுக்குக் கிடைப்பது இந்த நேரம்தான். அவளுக்கு ஆட்டோ வந்தால் போன் முடியும்.

அன்றைக்கு மூன்று ஆட்டோக்களை அவள் விட்டுவிட்டாள்.

“பேஜாரா கீதுண்ணா,” என்றாள் கடைசியில். “ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு ஏதானா கம்பெனியில எச்.ஆர்.ல சேந்துர்றேன். அங்கயும் ரிஜிஸ்டருதான். ஆனா அதுல யாரும் அழுவமாட்டாங்க.”

2

இந்தப் பிப்ரவரியோடு நாங்கள் இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. கொண்டாடவெல்லாம் இல்லை. என் மனைவி ரோஸ்லினுக்கு அன்று மருத்துவமனையில் பகல் ஷிப்ட், எனக்குப் பள்ளியில் தரை மெழுகுகிற நாள். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். ரோஸ்லின் நர்ஸ். விசா அவளுடையது. நானும் அப்போது ஐந்து வயதாயிருந்த எங்கள் மகள் நிவேதாவும் அதில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள்.

அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் பதினான்கு வருடம் நின்றிருக்கிறேன். பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் ஷிப்ட் பஸ்ஸில் காதால் கேட்டுப் படித்தது. யார் எதை நன்றாகச் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் பிடித்தது. எங்கள் மில்லில் உலை பார்த்த ஒருவர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்: “செவப்பா கீற இரும்பு ஒன்னியும் பண்ணாது, நீயே ஒதுங்கிப் போயிடுவ. ஆறுன மாரி கீது பாரு, அத்தத்தான் தெரியாம தொட்டுடுவ.” பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. கத்துகிற பிள்ளையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கம்மென்று இருக்கிற பிள்ளையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

இங்கே வந்த புதிதில் நிவேதாவைப் பள்ளியில் சேர்க்க ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்கு பக்கம். மாணவிக்கும் உங்களுக்கும் உள்ள உறவு என்ன என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. ‘நல்ல உறவு’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டு, அதை அடிக்காமல் பக்கத்திலேயே ‘தந்தை’ என்று எழுதிக்கொண்டாள். இப்போது அந்தப் படிவத்தை நீட்டினால் முதலில் எழுதியதை அவ்வளவு தைரியமாக எழுதுவேனா என்பது சந்தேகம்.

எஸ்தருக்கு வருகிறேன். என்னைவிட எட்டு வயது சின்னவள். சமூகப்பணியில் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள மூன்று அரசுப் பள்ளிகளுக்கு அவள் ஒருத்திதான் மனநல ஆலோசகர். ஒரு தொண்டு நிறுவனம் வழியாக ஒப்பந்த வேலை. பிள்ளைகளுக்கு அவள் ‘கவுன்சிலிங் மிஸ்’. அவளுக்கென்று எங்கேயும் அறை கிடையாது. ஒரு பள்ளியில் அறிவியல் கூடத்தில், எலும்புக்கூட்டுப் பக்கத்தில் உட்காருவாள். இன்னொன்றில் விளையாட்டுச் சாமான் அறை. மூன்றாவதில் சத்துணவுக் கூடத்துப் பின்பக்கம், சமையல் முடிந்த பிறகு. பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்றால் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விடுவாள். அப்பா ஏ ஷிப்ட், அம்மா பி ஷிப்ட் என்று இருக்கிற வீட்டில் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க அந்தப் பத்து நிமிஷத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது.

அவளுக்கு ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறார்கள். தேதி, பெயரும் வகுப்பும், பிரச்சினை, எடுத்த நடவடிக்கை என்று நாலு கட்டம். முதல் பக்கத்தில் ‘இந்தப் பதிவேட்டில் நூறு பக்கங்கள் உள்ளன’ என்று எழுதி முத்திரை குத்தியிருக்கும். ஒரு பக்கம் குறைந்தால் விளக்கம் எழுதித் தரவேண்டும். ஒருமுறை பார்வையிட வந்த ஒருவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இத்தனை பிள்ளைகளை நீங்கள் பார்த்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறார். பதிலைக்கூட அவர் எதிர்பார்க்கவில்லையாம். அன்று சாயங்காலமே எஸ்தர் ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கோடு போட்டாள். ‘மாணவர் கையெழுத்து’.

யாரும் போடச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குடைகிறது. ரேஷன் கடையில் கையெழுத்து, மில் கேட்டில் கையெழுத்து, முதியோர் பென்ஷனுக்குக் கைநாட்டு என்று, கையெழுத்து இல்லாத வேலையை வேலையாகவே ஒப்புக்கொள்ளாத ஊரில் வளர்ந்தவள். கை தானாகக் கோடு போட்டுவிட்டது.

அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு. பெயரை எஸ்தர் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. இவ்வளவு நடந்த பிறகும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து விடிய விடியச் சத்தம் போடுகிறார், தட்டை வீசுகிறார், தூக்கமே இல்லை, பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அந்தப் பெண் சொன்னதை எஸ்தர் இரண்டு வரியில் எழுதினாள். பெண் கையெழுத்துப் போட்டாள். பதிவேடு தலைமை ஆசிரியர் மேஜைக்குப் போனது. அன்று அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். டீ வருகிறவரை பொழுது போகாத ஓர் உறுப்பினர் மேஜை மேல் இருந்ததை எடுத்துப் புரட்டியிருக்கிறார். அவரும் அந்தப் பெண்ணின் அப்பாவும் ஒரே கம்பெனி பஸ். மறுநாள் காலை பஸ் சிப்காட் போய்ச் சேருவதற்குள் அந்த இரண்டு வரி கடைசி சீட்டு வரை போய்விட்டது.

அதோடு அந்த அப்பா பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு பேக்கிங் யூனிட்டில் பேசி வைத்திருப்பதாகச் செய்தி. முழுப் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

3

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் என்ன செய்வான்? பார்சல் அனுப்புவான். நானும் அனுப்பியிருக்கிறேன். இந்தச் சம்பவத்துக்கு ஆறு மாதம் முன்னால்.

எங்கள் பள்ளியின் ஆலோசகர் ரூத் என்கிற பெண்மணி. அவள் மேஜையில் அழகான அட்டைக்கட்டு ஒன்று இருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பிள்ளையின் படம், ஒரு முகபாவம். பேசத் தெரியாத பிள்ளைகள் அதில் ஒன்றை எடுத்துக் காட்டினால் போதும், பேச்சைத் தொடங்கிவிடலாம். எங்கே கிடைக்கும் என்று கேட்டு ஒரு கட்டு வாங்கி, கூடவே தடித் தடியான இரண்டு புத்தகங்களையும் வைத்து அனுப்பினேன். சுங்கத்தில் மூன்று வாரம் கிடந்தது. உள்ளே இருப்பது என்ன என்று கேட்டு எஸ்தருக்குக் கடிதம் வந்தது. ‘உணர்ச்சிகள்’ என்று எழுதுவதா, ‘சீட்டுக்கட்டு’ என்று எழுதுவதா என்று தெரியாமல் கடைசியில் ‘படம் போட்ட அட்டை’ என்று எழுதி மீட்டாள்.

அட்டைகளைப் பிள்ளைகளிடம் பரப்பியிருக்கிறாள். சோகமாக இருக்கிற பிள்ளையின் படத்தில், ஒரு சிறுமி தன் அறையில், மெத்தென்ற கட்டிலில், கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்: “மிஸ், இதுக்குத் தனி ரூம் கீது, கட்டில் கீது, பொம்ம கீது. இதுக்கு இன்னா கஷ்டம்?”

எஸ்தர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று அந்த வகுப்பில் எல்லோரும் சிரித்ததாகவும், சிரித்த பிறகு நாலு பேர் நிஜமாகவே பேசத் தொடங்கியதாகவும் சொன்னாள். அந்த வகையில் என் பார்சல் வீண் இல்லை. புத்தகங்கள் மட்டும் இன்னும் எலும்புக்கூட்டின் காலடியில் இருக்கின்றன.

அவளுக்கு வேண்டியது அட்டையும் புத்தகமும் அல்ல என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

4

எஸ்தர் போன் செய்த அந்தச் சாயங்காலம் நான் எந்த அறையில், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் தப்பிக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

நிவேதாவுக்கு இப்போது பதினாறு வயது. நான் வேலை பார்க்கும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. “ஸ்கூல்ல என்னைப் பாத்தா கை ஆட்டாதீங்கப்பா, ப்ளீஸ்,” என்று அவள் இங்கே சேர்ந்த முதல் வாரமே கேட்டுக்கொண்டாள். நான் ஆட்டுவதில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் துடைப்பத்தைப் பார்த்துக்கொள்வேன். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்கிறோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பதிலும் பெரும்பாலும் ஒரே சொல்தான். “ஃபைன்.” அந்தச் சொல்லுக்குப் பின்னால் போக எனக்கு வழி தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவள் ரூத்தின் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். முகம் கழுவின மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ரூத்திடம் போய்க் கேட்டுவிட்டேன், என் மகளுக்கு என்ன என்று. ரூத் நல்ல மாதிரி. யார் தன்னிடம் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைக்கூடத் தான் சொல்வதில்லை என்று மெதுவாகச் சொன்னாள். “நான் அப்பா,” என்றேன். அதனால்தான் நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது என்றாள். புரிந்தது, ஆனால் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அவளே பெற்றவர்களைத் தேடி வருவாளாம். அவள் தேடி வராதவரை அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

எனக்குக் கோபம். என் சோற்றைத் தின்று வளர்கிற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதது இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறையைத் தினமும் துடைக்கிறவனும் நான்தான்.

அங்கே ஓர் இரும்பு அலமாரி, ரூத் எழுதி வைக்கும் குறிப்புகள் அதில்தான். போன வருடம் அதன் பூட்டு சிக்கிக்கொண்டபோது சரி செய்தவன் நான். மில்காரன் கை அல்லவா. இரண்டாவது சாவி என் கொத்திலேயே தங்கிவிட்டது. ரூத்துக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது.

எஸ்தர் கூப்பிட்டபோது அந்தச் சாவி பூட்டுக்குள் இருந்தது. திருப்பவில்லை. போட்டிருந்தேன். சட்டைப்பையில் போன் துடித்தது. அவள் கூப்பிடுகிற நேரம்தான், ஆச்சரியமில்லை. காதில் வைத்தால், அந்தப் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. இத்த வேற யாருனா படிப்பாங்களா.

படிப்பாங்க. நான் நின்றுகொண்டிருந்தேனே.

அவள் எச்.ஆர். வேலை, ராஜினாமா என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு நான் இதைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது. அவள் தப்பைச் சொல்லி அழுகிறாள், என் தப்பையும் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் இலேசாகும் என்று நினைத்தேனோ என்னவோ.

“தொறந்தியா?” என்றாள்.

“இல்ல.”

“ஏன் தொறக்கல?”

“நீ போன் பண்ணிட்ட.”

அதுவரை அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அவள் பக்கம் ஓர் ஆட்டோக்காரர் “மேடம், வர்றியா இல்லியா” என்று கேட்பது எனக்குக் கேட்டது.

“நீயே இப்பிடின்னா, அந்தப் பொண்ணோட அப்பாவ இன்னாத்த சொல்றதுண்ணா?” என்றாள். “நான் அவர மிருகம்னு நெனச்சிக்கினு கீறேன். அவருக்கும் பயம்தான் போல. உனக்கு இன்னா பயமோ அதே பயம்.” அப்புறம், போனை வைப்பதற்கு முன்னால்: “நிவிய ஒன்னியும் கேக்காத. சோத்தப் போட்டுட்டு கம்முனு பக்கத்துல குந்து.”

பூட்டிலிருந்து சாவியை எடுத்துவிட்டு அந்த அறையை வழக்கத்தைவிட நன்றாகத் துடைத்தேன்.

5

மறுநாள் சாவியை ரூத்திடம் கொடுத்தேன். எங்கே, எதற்குப் போட்டேன் என்பதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு நன்றி என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் போகாமல் நிற்பதைப் பார்த்து உட்காரச் சொன்னாள். எஸ்தர் கதையைச் சொன்னேன். இப்படி ஆனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் தங்கை யாரிடம் போய் உட்காருகிறாள்?

எனக்குப் புரியவில்லை. என்னிடம்தான் பேசுவாள், போனில், என்றேன். அது அண்ணன், அது வேண்டும், ஆனால் நான் கேட்பது வேறு என்றாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, அவள் நாற்பது நிமிஷம் கார் ஓட்டிக்கொண்டு இன்னோர் ஆலோசகரிடம் போகிறாளாம். பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல், தான் செய்தது சரியா, எங்கே தவறினேன், எது தூங்கவிடாமல் செய்கிறது என்று பேசிவிட்டு வருவாளாம். அது இந்த வேலையின் ஒரு பகுதி. கால அட்டவணையிலேயே இருக்கிறது. பள்ளியே அதற்கு ஏற்பாடு செய்கிறது.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பதினொரு வருடத்தில் கடைசி ஆறு வருடம் இந்தப் பள்ளியில் இருக்கிறேன். வியாழக்கிழமை அவள் கார் சீக்கிரம் கிளம்புவதைப் பார்த்து, கொடுத்து வைத்தவள், மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகிறாள் என்று எத்தனை தடவை மனதுக்குள் சொல்லியிருப்பேன்.

அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரில் சூப்பர்வைசர் என்கிற சொல் வருகிறது. எங்கள் மில்லில் சூப்பர்வைசர் என்றால் பெல் அடிப்பதற்கு முன்னால் கத்துகிறவர். எஸ்தரிடம் இதைச் சொன்னபோது அவளும், “எனக்கு மேல ஆளுங்க நெறைய பேர் கீறாங்கண்ணா, மெமோ குடுக்க,” என்றாள். ரோஸ்லின் பக்கத்தில் இருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். “ஜொர வார்டுல வேலை பாக்கறவளுக்கு ஜொரம் வராதுன்னு உனக்கு எவன் சொன்னான்? எங்கள வாரத்துக்கு ஒருக்கா ஒக்கார வச்சிப் பேசுறாங்க. உனக்கு யாரு கீறாங்க, சொல்லு.”

எஸ்தர், “வாட்ஸாப் குரூப் கீது,” என்றாள். மாவட்டத்தில் இந்த வேலை செய்கிற எல்லோரும் அதில் உண்டு. காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் வரும். மத்தியானம் இன்று மாலைக்குள் நிரப்பி அனுப்பவேண்டிய படிவம் வரும். அதிகாரியும் அதில் இருக்கிறார். “அதுல அழுதா ஸ்க்ரீன்ஷாட் ஆயிடும் அண்ணி.”

ஆனால் அந்தக் குரூப்பில் ரோஜாப்பூ அனுப்புகிறவர்களில் ஒருத்தி ஆர்.கே.பேட்டை சுகுணா. எஸ்தரைவிடப் பெரியவள், இதே வேலையில் ரொம்ப நாளாக இருப்பவள். எப்போதோ ஒரு பயிற்சியில் இரண்டு பேரும் ஒரே இலையில் தயிர்சாதம் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பேசியதே இல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எஸ்தர் அவளைக் கூப்பிட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். சுகுணா குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். முடிந்ததும், “தப்பு பண்ணிட்ட. ஆமா, தப்புதான். நானும் ஒன்னு பண்ணிகீறேன், சொல்லட்டா?” என்று கேட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொன்னாளாம். அது என்ன என்று எஸ்தர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லமாட்டாள் என்று தெரிந்ததால் நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்தர் தலைமை ஆசிரியரிடம் போய், பதிவேட்டில் இனிமேல் பெயருக்குப் பதில் எண்தான் எழுதுவேன், கையெழுத்துக் கட்டம் இருக்காது, வைக்கப் பூட்டுள்ள இடம் வேண்டும் என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். “கையெழுத்துக் கட்டம் நான் கேக்கவே இல்லையேம்மா,” என்றார். எஸ்தருக்கு அடி வாங்கின மாதிரி இருந்ததாம். சாக்பீஸ் பெட்டிகள் வைத்திருந்த அலமாரியில் பாதியை ஒழித்துச் சாவியைக் கையில் கொடுத்தார். பழைய பக்கங்களைக் கிழிக்க முடியாது, நூறு பக்கம் நூறு பக்கமாகத்தான் இருக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு பெயரின் மேலும் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டினாள். இரண்டு நாள் ஆயிற்று. மற்றப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒட்டியதைக் காட்டினாள்.

அந்தப் பெண் மட்டும் பாக்கி. வீட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். தனியாகப் போகாதே என்று சுகுணா சொல்லிவிட்டாள். “நான் வர்றேன். ஒன்னு மட்டும் சொல்றேன் எஸ்தரு. அப்பன்கிட்ட பேசப் போவாத. பொண்ணுகிட்ட பேசப் போ.”

இங்கே இந்த நாட்களில் நான் சோறு போட்டுவிட்டு நிவேதாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது நாள், “அப்பா, நீங்க கேக்காம இருக்கறதே ரொம்ப சத்தமா இருக்கு,” என்றாள். தமிழில் சொன்னாள். எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு என்ன என்பது இன்னும் எனக்குத் தெரியாது. ரூத் என்னைத் தேடி வரவில்லை.

6

அதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. சுகுணா மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மூன்று பஸ் மாறி வந்தாள். கும்மிடிப்பூண்டியில் இறங்கினபோது மத்தியானம் ஆகிவிட்டது. நாஷ்டாகூடச் சரியாகச் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் தின்றுவிட்டு இரண்டு பேரும் நடந்தார்கள்.

சிப்காட் பின்பக்கம், வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் ஒன்று. அந்த அப்பாவுக்கு அன்று லீவு. குடிக்கவில்லை. எஸ்தரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார். சுகுணா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பெண் உள்கதவு ஓரம் நின்றாள். அம்மா அடுப்படியில்.

“இன்னா மிஸ், கேசு எதுனா போட்டுகீறீங்களா?” என்று அவர் கேட்டார். “ஒரே வார்த்தைல சொல்லிடுங்க. டேஷனுக்குப் போச்சின்னா என் கேட் பாஸ் போயிடும். நான் கான்ட்ராக்ட்டு ஆளு.”

அப்போதுதான் எஸ்தருக்கு விளங்கியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று பஸ்ஸில் கேட்டதை வைத்து, பெண் தன்மேல் புகார் மனு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று அந்த மனிதர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தினமும் கேட்டில் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று பயந்துகொண்டே உள்ளே போயிருக்கிறார். நம் பக்கத்தில் கையெழுத்து என்றால் வேறு என்ன அர்த்தம்?

“கேசு ஒன்னியும் இல்லீங்க,” என்றாள் எஸ்தர். “தூக்கம் வரல, படிக்க முடியலன்னு சொல்ல வந்துச்சு. அவ்ளோதான். எழுதுனது நானு. கையெழுத்து கேட்டதும் நானு.”

பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். அவர் பக்கம் முதுகு, பெண் பக்கம் முகம்.

“யாரும் படிக்கமாட்டாங்கன்னு உன்கிட்ட சொன்னேன். அது நடக்கல. தப்பு என்னுதும்மா, உன்னுது இல்ல. மன்னிச்சிக்க.”

பள்ளிக்கூட மிஸ் ஒருத்தி வீடு தேடி வந்து பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதை அந்த வரிசையில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்களாம். அடுப்படியில் பாத்திரம் நின்றது. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “படிக்கிறதுன்னா படிக்கட்டும். நான் எங்க வாணாம்னேன்,” என்றார். “ஆமா, சொல்லவே இல்ல,” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “யூனிபாரத்தத் தொவச்சிதான் வச்சிகீறேன்.”

எஸ்தர் காத்திருந்தாள்.

“நாளைக்கு வர்றேன் மிஸ்,” என்றாள் அந்தப் பெண். “ஆனா இனிமே உங்ககிட்ட ஒன்னியும் சொல்லமாட்டேன்.”

“சரிம்மா,” என்றாள் எஸ்தர். எழுந்து, நாற்காலியை அந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டு, வாசற்படியில் இருந்த சுகுணாவை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றாள்.